சுலபமாகப் பிறந்தவன்

கண்ணாடி பதித்த அலமாரிக்குக் கம்பளி சுற்றுவதில் பெரியவனுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் கண்ணாடி மேல் அட்டை. அட்டைக்கு மேல் கம்பளி, மூலையில் மடிப்பு விழாமல். அப்புறம் கயிறு: காலில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று. முடிச்சு பக்கவாட்டில்தான். முன்னால் போட்டால் மாடிப்படிச் சுவரில் உரசி அவிழ்ந்துவிடும். கடைசி முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு அலமாரியின் தோளில் இரண்டு தட்டு தட்டினான்.

"வா ராசா, கிளம்பலாம்" என்றான். அலமாரியிடம்தான் சொன்னான். தம்பியிடம் அவன் அவ்வளவு மரியாதையாகப் பேசுவதில்லை.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில். ஒரு பழைய வேன், ஒரு கட்டுக் கம்பளி, கயிறுகள், தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு பட்டைகள், அவ்வளவுதான் முதல். பெரியவனுக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னவன் பத்து வயது இளையவன், அண்ணனைவிட ஒரு தலை உயரம், வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது.

மாடிப்படியில் பெரிய சாமான் ஏறினாலும் இறங்கினாலும் கனமெல்லாம் கீழே பிடிக்கிறவன் மேல்தான் விழும். மேலே பிடிக்கிறவன் வழி பார்ப்பான், திருப்பத்தில் திருப்புவான். சின்னவன் தொழிலுக்கு வந்த புதிதில் அரும்பு மீசைக்காரன். "நீ மேலே நில்லுடா, அண்ணன் இருக்கேன்" என்று அன்றைக்கு ஆரம்பித்த ஏற்பாடு. தம்பி வளர்ந்தான், ஏற்பாடு வளரவில்லை. கீழ்ப்பக்கம் அண்ணனுடையது. தம்பி கேட்டுப் பார்த்ததுண்டு. "ஏன், எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊருக்குச் சொல்லணுமா?" என்பான் பெரியவன். அதோடு பேச்சு முடிந்துவிடும். தொழிலில் இருக்கிற மற்றவர்கள் அவனுக்குக் 'கீழ்ப்பிடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவனுக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அன்றைக்கு அலமாரியை மூன்று மாடி இறக்கிச் சமதரைக்கு வந்து, பட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்கள். பட்டைகளின் நீளம் வெகு காலத்துக்கு முன்பே பார்த்து முடிச்சுப் போட்டது. அலமாரி தண்ணீர் நிரப்பிய அண்டா போல அலுங்காமல் போகும். அன்றைக்குச் சாய்ந்து போயிற்று.

"அண்ணா, கொஞ்சம் தூக்கு. உன் பக்கம் சாயுது."

"தூக்கித்தான்டா இருக்கேன். நீ இறக்கு."

"இதுக்கு மேல இறக்கினா நான் தவழ்ந்துதான் வரணும்."

பால்கனியிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, போன தடவை நீங்கதானே கொண்டு வந்தீங்க? அப்போ நேரா வந்துச்சே!"

"அலமாரிக்கு வயசாயிடுச்சு அம்மா" என்றான் பெரியவன்.

அலமாரி அவனை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் ஏற்றி முடிந்து, தரையில் கடைசியாகக் கிடந்த தலையணை மூட்டையைக் குனிந்து எடுத்தான். முதுகின் நடுவில் யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி இருந்தது. மூட்டையைப் பிடித்தபடியே அப்படியே நின்றான். நிமிரவும் முடியவில்லை, விடவும் மனமில்லை.

"தலையணை ரொம்பக் கனமோ?" என்றான் தம்பி. அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாயுப் பிடிப்பு என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அந்த வீட்டில் தலைவலி முதல் தடுக்கி விழுவது வரை எல்லாமே வாயுதான். அவள் தைலம் தேய்த்தாள், வெந்நீர்ப் பை வைத்தாள். பெரியவன் மறுபடி வேலைக்குப் போனான், பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் பிடித்தான். படுக்கையிலிருந்து எழ அரை நாழிகை ஆயிற்று. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது. ஆள் ஒரு கைப்பிடி, குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். வேலைக்குப் போன காலமெல்லாம் ஒரு துணிக்கடையில் துணி மடித்தாள். அவள் மடித்தால் விளிம்பு கத்தி போல நிற்கும். அவள் பெருமை அடித்துக்கொள்ள வாழ்க்கையில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று அந்த மடிப்பு. மற்றது பெரியவனைப் பெற்ற கதை.

"இவன் வந்ததே தெரியாது. வலிச்சது தெரியும், வந்தது தெரியாது. நர்ஸு கையைக் கழுவிட்டுத் திரும்புறதுக்குள்ள வழுக்கிட்டு வந்துட்டான். ரெண்டு கிலோ கூட இல்லை. ஒரு தையல் கிடையாது. மறுநாள் நானே துணி துவைச்சேன்."

இதற்கு அடுத்து தவறாமல் சின்னவனின் முறை வரும். "இவன் இருக்கானே, நாலு கிலோ. ரெண்டு நாள் என்னைப் படுத்தி எடுத்து, கடைசியில கத்தி வெச்சுத்தான் வெளியே வந்தான். பிறக்கும்போதே கதவை உடைச்சவன்."

"அதான் இன்னிக்கு வரைக்கும் ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் சுமந்துட்டு இருக்கேன்" என்பான் சின்னவன்.

முதல் பிள்ளை ஏன் சுலபமாக வந்தான் என்ற ரகசியமும் அவளிடம் இருந்தது. பத்தொன்பது வயதில் வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாளாம்: அரை வயிறு சாப்பிடு, பாலும் முட்டையும் தொடாதே, பிள்ளை சின்னதாக இருக்கும், கத்தி படாமல் பிறக்கும். அவள் அப்படியே செய்தாள். இரண்டாவது பிள்ளைக்கு அவளுக்கு வயதும் தைரியமும் கூடியிருந்தன, பசித்தபோதெல்லாம் சாப்பிட்டாள், அதற்குத் தண்டனை கிடைத்தது. அவள் கணக்கு அவ்வளவு தெளிவு.

இப்போது அந்த வீட்டில் அது வெறும் பழங்கதை இல்லை. சின்னவனின் மனைவிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு தரித்த பிள்ளை. அவளுக்கு ஆபரேஷன் என்றால் குலை நடுங்கும். அவள் அக்காவுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தது, புண் ஆறாமல் படுக்கையில் கிடந்தது எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால் மாமியார் அரைத் தட்டுச் சோறு போட்டால் அரைத் தட்டோடு எழுந்துவிடுவாள். பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த கால்சியம் மாத்திரை உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது. "மாத்திரை போட்டா பிள்ளை பூதம் மாதிரி வளரும்" என்று மாமியார் சொல்லியிருந்தாள். நர்ஸ் கேட்கும்போது மட்டும் மருமகள் தலையாட்டிவிட்டு வருவாள்.

பெரியவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பெண்கள் சமாசாரம் என்று தலையிடவில்லை.

தும்மலுக்குப் பயந்து மகன் மிளகுத்தூள் டப்பாவைக் கூட ஒளித்து வைக்கிறான் என்று கண்டதும் அம்மா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மாள் நடுவயதுக்காரி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவள். முதல் நாள் எக்ஸ்ரே, ரத்தச் சோதனை, எலும்பின் அடர்த்தி பார்க்கும் சோதனை. இரண்டாம் முறை போனபோது படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். முதுகெலும்பு அடுக்கில் இரண்டு கட்டை நசுங்கியிருந்தது, மேலே பாரம் வைத்த அட்டைப் பெட்டி மாதிரி.

"உயரம் குறைஞ்சிருக்கீங்க, தெரியுமா? நீங்க கொண்டுவந்த பழைய லைசன்ஸ் மெடிக்கல் சீட்டுல இருக்கிறதுக்கும் இப்போ அளந்ததுக்கும் ரெண்டு விரல் அளவு வித்தியாசம்."

அலமாரி ஏன் சாய்ந்தது என்று பெரியவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிகரெட்? நாற்பது வயது வரை குடித்தான், பிறகு விட்டுவிட்டான். குடி? இல்லை. மூச்சிரைப்புக்கு நெடுநாள் மாத்திரை ஏதாவது? இல்லை. இதற்கு முன்னால் எலும்பு முறிந்ததுண்டா? பையனாக இருந்தபோது மணிக்கட்டு, வேலையில் ஒரு தடவை விலா.

"பிறக்கும்போது எடை எவ்வளவு இருந்தீங்கன்னு தெரியுமா?"

அம்மாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் சொன்னாள். வலித்தது தெரிந்து வந்தது தெரியாமல் போனது, நர்ஸ் கை கழுவியது, மறுநாள் துணி துவைத்தது. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"குறை மாசமா அம்மா?"

"அதெல்லாம் இல்லை. நாள் கணக்கு சரியா இருந்துச்சு. நான்தான் வாயைக் கட்டினேன். அரை வயிறு. பால், முட்டை, மீன், எதுவும் தொடலை."

"வெயில் படுமா உங்க மேல?"

"காலையில இருட்டோட கடைக்குள்ள போனா ராத்திரிதான் வெளியே வருவேன். அதான் நான் நல்ல நிறமா இருந்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டாள். மாத்திரைச் சீட்டைக் கொடுத்ததும் அம்மா எழுந்துவிட்டாள். மருந்து வாங்கும் வரிசையில் நிற்க அவள் வேறு யாரையும் நம்புவதில்லை. அவள் போன பிறகு டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.

"என்ன தொழில் பண்றீங்க?"

சொன்னான்.

"அப்போ உங்களுக்குச் சுலபமாப் புரியும். அலமாரி எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிலது கெட்டிப் பலகை, சிலது மெல்லிய பலகை. இல்லையா?"

"தூக்கின உடனே தெரிஞ்சிடும் டாக்டர்."

"எலும்புக்குப் பலகை வெட்டுறது வயித்துல இருக்கும்போதே தொடங்கிடுது. அம்மாவுக்குச் சத்து போதலைன்னா பிள்ளைக்கு எலும்பு மெலிசாத்தான் அமையும். அப்புறம் வளர்ற வயசுல நல்லாச் சாப்பிட்டு ஓடி ஆடினா கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனா சின்னதாப் பிறந்தவங்களுக்குப் பெரியவங்களானப்புறமும் எலும்புச் சத்து சராசரியைவிடக் கொஞ்சம் குறைவா இருக்கிறதைப் பார்க்கிறோம். உங்க விஷயத்துல அது மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிகரெட் இருக்கு, உங்க ரத்தத்துல வைட்டமின் டி குறைச்சலா இருக்கு, வருஷக்கணக்கா முதுகுல பாரம் இருக்கு. எல்லாம் சேர்ந்துதான். ஆனா மெல்லிய பலகைக்கு மேல கல்லை அடுக்கியிருக்கீங்க. இனிமே அடுக்கக் கூடாது."

"தூக்கவே கூடாதா?"

"தூக்கவே கூடாது. குனிஞ்சு தலையணை கூட." அவள் லேசாகச் சிரித்தாள். "உங்க அம்மாகிட்ட நான் எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நான் பார்த்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

தம்பியிடம் முதுகைப் பற்றி மட்டும் சொன்னான், காரணத்தைச் சொல்லவில்லை. தம்பி கீழ்ப்பக்கம் போனான். மேலே பிடிக்கக் கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். கம்பளி சுற்றுவது, கயிறு கட்டுவது, வேன் ஓட்டுவது பெரியவனுக்கு என்று ஆயிற்று. முதல் நாள் தம்பி கீழே நின்று பிடித்தபோது பெரியவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, காற்று நன்றாகவே இருந்த டயரை உதைத்து உதைத்துப் பார்த்தான். தெருவில் கண்ட ஒரு தொழில்காரன், "என்ன கீழ்ப்பிடி, வெறும் கையோட நிக்கிறே?" என்றான். "முதலாளி ஆயிட்டேன்டா" என்று பதில் சொல்லிச் சமாளித்தான்.

வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. போட்டுவிட்டு அரை மணிக்கு மேல் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். காலை வெயிலில் நடக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அம்மாவின் அரைத் தட்டு தினமும் அவன் கண்ணெதிரே நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அது ஒரு தட்டு, அவ்வளவுதான். இப்போது அந்தத் தட்டைப் பார்த்தால் அவனுக்குத் தன் எக்ஸ்ரே ஞாபகம் வந்தது. உள்ளே ஒரு குழந்தைக்குப் பலகை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் மெல்லிய பலகை. ஆனால் வாயைத் திறந்தால் அம்மாவின் பெருமை போயிற்று. அதற்குப் பதிலாக அவள் கையில் என்ன கொடுப்பது? மகனின் முதுகையா?

ஆண்பிள்ளைகளுக்கு இந்த மாதிரி இக்கட்டில் தோன்றுகிற யோசனைதான் அவனுக்கும் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் செய்துவிடுவது. வேன் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு முட்டை வேகவைத்து வாங்குவான். ஒரு பாக்கெட் பால். இரண்டையும் தூசு துடைக்கிற துணியில் சுற்றி, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து தம்பி மனைவியிடம் நீட்டுவான்.

"இந்தாம்மா. சத்தம் போடாம சாப்பிட்டுடு."

"எதுக்கு மாமா?"

"சும்மாத்தான். டாக்டர் எனக்கு வாங்கச் சொன்னாங்க, எனக்கு ரெண்டு போதும், இது மிச்சம்."

"சரி மாமா" என்று வாங்கிக்கொள்வாள். அவன் மனநிறைவோடு திரும்புவான். பாலும் முட்டையும் போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அம்மாவுக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி இப்படியே பத்துப் பதினைந்து நாள் ஓட்டினான்.

ஒரு மத்தியானம் வேனின் பின்கதவில் உட்கார்ந்து தம்பி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். சோற்றுக்கு மேல் இரண்டு முட்டை.

"இந்தா அண்ணா, ஒண்ணு எடுத்துக்கோ. கொஞ்ச நாளா இவளுக்கு என் மேல பாசம் பொங்குது. தினமும் முட்டை. சாயங்காலம் வீட்டுக்குப் போனா டம்ளர் நிறையப் பால் வேற. 'கனம் தூக்குறீங்க, சாப்பிடுங்க'ன்னு ஒரே உபசாரம். ஒன்பது வருஷத்துல இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை."

பெரியவன் முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவன் வாங்கிய முட்டைதான். நாலு கிலோவில் பிறந்து, மாடு மாதிரி வளர்ந்து, எலும்பு இரும்பாக இருக்கிற தம்பிக்கு இத்தனை நாளாக முட்டை போட்டு வளர்த்திருக்கிறான்.

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. கத்திக்குப் பயப்படுகிறவள் கையில் முட்டையைக் கொடுத்தால் பயம் போய்விடுமா? கதை வீட்டுக்குள் நிற்கும்வரை வெளியிலிருந்து என்ன கொண்டுவந்து கொடுத்தாலும் அவள் வாய்க்குள் போகாது. ஐந்து மாதம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. விளக்குப் போடுகிற நேரத்துக்கு நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா மருமகளுக்குப் பரிமாறிவிட்டுக் கரண்டியை நிறுத்தினாள்.

"அவளுக்கு இன்னும் போடும்மா" என்றான் பெரியவன்.

"உனக்கு வேணும்னா கேளு. அவ கணக்கு எனக்குத் தெரியும்."

"அந்தக் கணக்கு தப்பும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எதுடா தப்பு? நீ ரெண்டு பெத்தியா?"

"நீ பெத்ததுல ஒண்ணைப் பத்தித்தான் சொல்றேன். டாக்டர் சொன்னாங்க. என் எலும்பு இப்படி இருக்கிறதுக்கு ஒரு காரணம், நான் வயித்துல இருந்தப்போ உனக்குச் சாப்பாடு போதாததும்தான்."

கரண்டி தட்டில் விழுந்தது.

"அப்போ நான்தான் உன் முதுகை ஒடிச்சேனா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற எப்படிச் சொன்னே? எனக்குக் காது இன்னும் போகலை. சிகரெட்டு குடிச்சது யாரு, நானா? கீழ்ப்பக்கம் நான்தான் பிடிப்பேன்னு அடம் பிடிச்சது யாரு, நானா? எல்லாத்தையும் விட்டுட்டு ஐம்பது வருஷத்துக்கு முன்னால நான் குடிக்காத பாலு வந்து உன்னைப் பிடிச்சுக்கிச்சா?"

"அதுவும் காரணம்தான், சிகரெட்டும் காரணம்தான், அடமும் காரணம்தான். நீ சொல்றது அத்தனையும் சரி. எனக்கு ஆனது ஆச்சு. அதைத் திருப்ப முடியாது. ஆனா இது இன்னும் பிறக்கலை." அவன் தம்பி மனைவியின் பக்கம் கையைக் காட்டினான். அவள் கை தட்டிலேயே நின்றிருந்தது.

தம்பிதான் முதலில் வெடித்தான். "இது உனக்கு எப்போ தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே."

"அன்னிக்கேவா? என் பிள்ளை அண்ணா! ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. அம்மா மனசு கஷ்டப்படுமேன்னு, முட்டை வாங்கிக் கொடுத்தேன்."

"எந்த முட்டை?"

"நீ தின்னியே, அந்த முட்டை."

தம்பி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகத்தோடு, "காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் மாமா" என்றாள். "எனக்குப் பயம். தலைமாட்டில கத்தி இருக்கிற மாதிரியே இருக்கு. அத்தை சொன்ன வழி ஒண்ணுதான் பிடிமானமா இருந்துச்சு. இப்போ அதுவும் இல்லைன்னா நான் எதைப் பிடிச்சுக்கறது?"

பெரியவன் பார்த்ததெல்லாம் எலும்பு டாக்டரைத்தான். பிரசவத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சட்டி, மூடி, கரண்டி என்று ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்டு, ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாமல் போயிற்று. பெரியவனுக்கு அதுதான் பயமாக இருந்தது. மெதுவாக எழுந்து போய்ப் பார்த்தான். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி வீணாகுது" என்றான்.

அவள் குழாயை மூடினாள். "எனக்கு எப்பவும் பசிச்சுக்கிட்டே இருந்துச்சுடா" என்றாள். "துணி மடிக்கிறப்போ கண்ணு இருட்டும். கல்லாக்காரர் பார்த்துடப் போறாரேன்னு மேசையைப் பிடிச்சுக்குவேன். அதைத் தாங்கினதுக்குப் பலன்தான் நீ சுலபமாப் பிறந்ததுன்னு நினைச்சுக்கிட்டேன். சும்மாவே பசியோட கிடந்தேன்னு இப்போ சொல்றே."

"உனக்கு யாரும் சொல்லலைம்மா."

"சொன்னாங்களே. தப்பா இல்ல சொன்னாங்க." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு நானும் அதையேதான் சொல்லியிருக்கேன். நானே போய் அழிச்சாத்தான் அழியும். நீ சொன்னா நம்ப மாட்டா, உன் தம்பி சொன்னாலும் நம்ப மாட்டா. காலையில வண்டியை எடு. அவ ஆஸ்பத்திரிக்குப் போவோம். கத்தி விஷயத்தை அங்கே வெச்சுக் கேட்டுடலாம்."

மறுநாள் காலை தம்பி கூலி ஆளோடு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிட்டான். கிளம்பும்போது அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேன் சாவியைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனான். பெரியவன் அம்மாவையும் தம்பி மனைவியையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நர்ஸ் எடை பார்த்தாள், வயிற்றை நாடாவால் அளந்தாள், புருவத்தைச் சுருக்கினாள். "போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் எடை ஏறவே இல்லையே. மாத்திரை போடுறியா?"

மருமகள் வழக்கம் போலத் தலையாட்டப் பார்த்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"போடலை. நான்தான் வேண்டாம்னேன். சாப்பாட்டையும் நான்தான் குறைச்சேன். பிள்ளை சின்னதா இருந்தா ஆபரேஷன் இல்லாம பிறக்கும்னு சொன்னேன். அது சரியா தப்பா, இவ காதுல விழுற மாதிரி நீங்களே சொல்லுங்க."

நர்ஸ் மருமகளின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"தப்பு. ஆபரேஷன் வேணுமா வேண்டாமாங்கிறது பிள்ளை எப்படித் திரும்பியிருக்கு, உன் இடுப்பு எப்படி, ரத்த அழுத்தம் எப்படி, இப்படிப் பல விஷயத்தைப் பொறுத்தது. பட்டினி கிடந்து அதைத் தடுக்க முடியாது. சத்தில்லாம சின்னதாப் போன பிள்ளைக்கு வலி தாங்க முடியாம மூச்சு முட்டி, அதனாலேயே ஆபரேஷன் ஆகுறதும் உண்டு. ஆகவே ஆகாதுன்னு உனக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யாராலும் கொடுக்க முடியாது."

"இத்தனை நாள் கெட்டுப் போச்சே" என்றாள் மருமகள்.

"எல்லாம் கெடலை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் கடைசி மூணு மாசத்துலதான் பிள்ளைக்குப் போகும். அது இன்னும் வரவே இல்லை. இன்னியிலிருந்து ஒழுங்காச் சாப்பிடு. பால், தயிர், முட்டை, மீன், கீரை, பருப்பு, எது ஒத்துக்குதோ அது. மாத்திரையை விடாதே. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்துல போடாதே, வேற வேற வேளையில போடு. காலையில கொஞ்சம் வெயில்ல நட. ரெண்டு வாரம் கழிச்சு வா, மறுபடி அளக்கறேன்."

வெளியே வந்து வேனில் ஏறுமுன் மருமகள் நின்றாள். "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு அத்தை."

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "பயத்தோடேயே சாப்பிடு."

பெரியவன் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு எதிரே வேனை நிறுத்தினான். மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மருமகள் ரொட்டியும் பருப்பும் கேட்டாள், தயிர் ஒரு கிண்ணம் கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பையிலிருந்து மாத்திரை உறையை எடுத்துப் பிரித்தாள். பரிமாறுகிறவன், "பெரியம்மா, உங்களுக்கு?" என்றான்.

"எனக்கும் அதே" என்றாள் அம்மா. "தயிர் கொஞ்சம் கூடவே போடு."

சாப்பிட்டு முடிந்ததும் பெரியவன் தம்பி மனைவியை அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டான். அம்மாவைக் காய்கறிக் கடையில் விட்டான். பிறகு வேனைத் திருப்பிக்கொண்டு, தம்பி அலமாரியோடு காத்திருந்த வீட்டுக்குக் கயிறு கட்டப் போனான்.